அறையின் அளவும் ஆட்களின் அளவும்

தொழில் பெருகும் இடத்தில் ஊர் வளர்கிறது; ஆயின் ஊர் வளரும் வேகத்தில் வீடுகள் வளர்வதில்லை. ஆதலின் இருக்கின்ற வீட்டிலேயே மேலும் மேலும் ஆட்கள் குடியேறுகின்றனர். வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும், தலைக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடப்படும் அறைகளில் எத்தனை பேர் தங்கலாம் என்பதற்கு ஓர் அளவு வேண்டுமா, வேண்டுமெனில் அதை எவ்வாறு வகுப்பது, எவ்வாறு நிறைவேற்றுவது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

காலடிப்பேட்டை காட்டும் வழி

வட சென்னையில் திருவொற்றியூர்ப் பகுதியில் உள்ள காலடிப்பேட்டையின் வரலாறு இவ்விஷயத்தில் நமக்கு நல்ல பாடமாகும். 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்காக ஏற்படுத்திய ஊர் அது. காலெட் பேட்டை என்ற பெயரே மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. தொழிலுக்கு ஆட்களை அழைத்தபோதே அவர்கள் குடியிருக்க இடமும் வகுக்கப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பின்னர் வந்த தொழில்களோ வேறு விதமாக வளர்ந்தன. 1950களின் நடுவில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும், 1969இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், 2001இல் எண்ணூரில் புதிய துறைமுகமும் இயங்கத் தொடங்கின. வேலை தேடி வந்தவர்களில் பலர் தங்கும் இடத்தைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. 2011இல் திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2021இல் காலடிப்பேட்டைக்கு மெட்ரோ ரயிலும் வந்தது. வசதி பெருகப் பெருக வாடகையும் பெருகுவது இயல்பே. வாடகை ஏறினால் அதைப் பகிர்ந்துகொள்ள ஓர் அறையில் ஆட்களும் கூடுகின்றனர்.

மாநகராட்சியின் விஷயம் நமக்கு எதற்கு என்று ஊராட்சி உறுப்பினர் சிலர் கேட்கலாம். தொழில் இப்போது மாநகர எல்லையோடு நிற்கவில்லை. அனல் மின் நிலையம் அமைந்துள்ள அத்திப்பட்டும், துறைமுகம் அமைந்துள்ள காட்டுப்பள்ளியும் மீஞ்சூர் வட்டாரத்தைச் சேர்ந்தவை. இத்தகைய ஊர்களில் ஒரு விவசாயி தம் மனையில் நான்கு லைன் வீடுகளைக் கட்டி வாடகைக்கு விடுவது குற்றமன்று. அது அவருடைய குடும்பத்திற்கு நிலையான வருமானம். ஆயின் நான்கு அறைகளில் முப்பது பேர் தங்கினால் அது அவருடைய சொந்த விஷயமாக மட்டும் இருப்பதில்லை.

நெருக்கத்தால் விளையும் கேடு

காசநோய் காற்றின் வழியே பரவுவது. காற்றோட்டமற்ற அறையில் நோயாளி ஒருவர் பலரோடு உறங்கினால் மற்றவர்க்கும் அது தொற்ற வாய்ப்பு மிகுதி. சொறி சிரங்கும் நெருங்கிப் படுப்பதாலேயே எளிதில் பரவுகிறது. ஒரு குடும்பத்திற்கென்று கட்டிய கழிவுநீர்த் தொட்டி இருபது பேருக்குப் போதாது. அது நிரம்பி வழிந்தால் அண்டை வீட்டுக் கிணறும் கெடும். அறைக்குள்ளேயே எரிவாயு அடுப்பை வைத்துச் சமைக்கும்போது தீப்பற்றினால், வெளியேற ஒரே கதவுள்ள அறையில் உறங்குவோரின் கதி என்ன என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அளவு வகுக்கும் முறை

இதற்கு 1862இலேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் ஒரு வழி கண்டது. சிறு வீடுகளை அளந்து, வயது வந்த ஒருவருக்கு 300 கன அடி என்று கணக்கிட்டு, இத்தனை பேர் தங்கலாம் என்பதை ஓர் உலோகத் தகட்டில் பொறித்துக் கதவிலேயே பதித்தனர். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை அரை ஆளாகக் கணக்கிடப்பட்டது.

சிங்கப்பூரில் 2020இல் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா நோய் கடுமையாகப் பரவியது. நம் தமிழ்நாட்டுத் தொழிலாளர் பலரும் அங்கு தங்கியிருந்தனர். 2021இல் அந்நாட்டு அரசு, புதிய விடுதிகளில் ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 45 சதுர அடி, வேண்டுமென்றும், ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாதென்றும் அறிவித்தது.

நம் ஊரில் 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 120 சதுர அடி. கொள்ளளவு 1,080 கன அடி. கிளாஸ்கோ கணக்குப்படி அதில் மூவர் தங்கலாம். சிங்கப்பூர்க் கணக்குப்படி இருவர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இடைப்பட்டும் இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒத்து வருகின்றன. அந்த அறையில் எட்டுப் பேரைத் தங்க வைப்பது எக்கணக்கிலும் பொருந்தாது. பகல் ஷிப்டுக்காரரும் இரவு ஷிப்டுக்காரரும் ஒரே பாயை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், தண்ணீருக்கும் கழிப்பிடத்திற்கும் இரு சாராரையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

விருந்தினர்க்குச் சில நாள் வாடகைக்கு விடும் வீடுகளுக்கும் இத்தகைய வரம்பு உண்டு. மத்திய சுற்றுலாத் துறையின் இல்லத் தங்கல் திட்டத்தில் ஒரு வீட்டில் ஆறு அறைகள், பன்னிரண்டு படுக்கைகள் என்பதே உச்ச அளவு. நியூயார்க் நகரில் 2023 முதல் கண்டிப்பாக நிறைவேற்றப்படும் விதியின்படி, முப்பது நாளுக்குக் குறைவாக விடும் வீட்டில் உரிமையாளரும் உடனிருக்க வேண்டும். விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது.

சட்டமும் நடைமுறையும்

நம் மாநிலத்தில் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் தங்கும் விடுதிகளைப் பற்றியும், வீடுகளில் நெருக்கத்தைத் தவிர்ப்பது பற்றியும் கூறுகிறது. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிய வேண்டும் என்கிறது. முன்பணத்திற்கும் பொதுவாக மூன்று மாத வாடகையையே அளவாகக் கூறுகிறது. தங்குவோரின் எண்ணிக்கையையும் அவ்வொப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது இரு தரப்பினர்க்கும் நன்மை பயக்கும்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. கிளாஸ்கோவில் அதிகாரிகள் இரவில் சோதனையிட்டபோது, அளவுக்கு மிஞ்சித் தங்கியவர்கள் அலமாரிகளிலும் கூரையின் மேலும் ஒளிந்தனர். வேறு போக்கிடம் இல்லாதவனை வரம்பு மட்டும் காப்பாற்றாது. எட்டுப் பேர் பங்கிட்ட வாடகையை மூவர் கொடுக்க நேர்ந்தால், அந்த மூவரின் ஊருக்குச் செல்லும் பணம் குறையும். மற்ற ஐவர் வேறொரு நெருக்கமான அறையைத் தேடுவர். ஆகவே வரம்பும் புதிய இருப்பிடமும் சேர்ந்தே வர வேண்டும். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது இவ்வழியில் ஒரு சிறந்த முயற்சியாகும்.

ஊராட்சிகள் இப்போதே செய்யத்தக்கவை சில உள. வாடகை அறைகளையும் அவற்றின் அளவையும் ஒரு பதிவேட்டில் எழுதலாம். சுகாதார ஆய்வாளரை அழைத்துச் சென்று காற்றோட்டம், கழிப்பிடம், குடிநீர் ஆகியவற்றைப் பார்க்கலாம். தங்கத்தக்கோர் எண்ணிக்கையைக் கதவருகே எழுதி வைக்கும்படி உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டு, கிராம சபையில் அதைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றலாம். மிகுதியாக உள்ளவர்களை ஒரே நாளில் வெளியேற்றாமல், புதிய அறைகள் எழும் வரை தவணை கொடுக்கலாம்.

வெளியூரிலிருந்து வந்த தொழிலாளி நம் ஊரின் உழைப்பில் பங்கு கொண்டவன். அவன் நலமுடன் உறங்கி எழுந்தால்தான் ஆலையும் ஓடும்; வாடகையும் தவறாது வரும்; ஊரும் நோயின்றி வாழும். விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள். அறைக்குத் தக்க ஆள் என்பதை நம் ஊராட்சிகளின் வழக்கமாக்குவோமாக.