பருத்திப் பூவை ஆராய்ந்த குளித்தலை தமிழர்

டெல்லி பல்கலைக்கழக ரசாயனத் துறைக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் ஒரு தமிழர். அவர், பேராசிரியர் டி.ஆர்.சேஷாத்திரி.

திருச்சியை அடுத்த குளித்தலையில் 1900-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்க ராமகிருஷ்ண மிஷன் பண உதவி செய்தது. பட்டம் பெற்றதும், ஓராண்டு மிஷனிலேயே பணிபுரிந்து நன்றிக்கடன் தீர்த்தார்.

சீமைப் படிப்பு

1927-ல் அரசு உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றார். மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்து, 1929-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ராபின்சன் பின்னாளில், 1947-ல், நோபல் பரிசு பெற்றவர்.

ஆஸ்திரியாவில் பிரெகல் என்ற மேதையிடமும் பயின்றார். சில மில்லிகிராம் பொருள் இருந்தாலே போதும், அதில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்கிடும் முறையை அங்கு கற்றார். கூடை கூடையாகப் பூ பறித்தாலும், அதில் கிடைக்கும் சாயம் ஒரு சிட்டிகைதான். அந்தச் சிட்டிகையை ஆராய இந்தப் படிப்பு கைகொடுத்தது.

வால்டேரில்...

தாயகம் திரும்பியவர், கோவை விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். பிறகு வால்டேரில் உள்ள ஆந்திர பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1937-ல் பேராசிரியர் ஆனார்.

விலை உயர்ந்த சரக்கு எதையும் அவர் தேடவில்லை. பருத்திப் பூ, புளிச்சக்கீரைப் பூ, புங்க விதை ஆகியவையே அவருக்குப் போதும். பூவுக்கு மஞ்சள் நிறம் தரும் பொருளைப் பிரித்தெடுப்பார். அதன் அமைப்பைக் கண்டுபிடிப்பார். பிறகு அதே பொருளைச் சோதனைக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்து, தன் முடிவு சரிதான் என்று காட்டுவார்.

1942 ஏப்ரல் 6-ந் தேதி விசாகப்பட்டினத்தில் ஜப்பான் விமானங்கள் குண்டு வீசின. பல்கலைக்கழகம் குண்டூருக்கு மாறியது. அரும்பாடுபட்டு அமைத்த சோதனைக்கூடம் கைவிட்டுப் போயிற்று. ஆனாலும் ஆராய்ச்சியை அவர் விடவில்லை.

மீண்டும் தொடக்கம்

1949-ல் டெல்லிக்கு அழைப்பு வந்தது. வயது 49. புதிய ஊர், புதிய மாணவர்கள். அங்கும் ஓர் ஆராய்ச்சிக் குழுவை உருவாக்கினார். 1960-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1963-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது.

1965-ல் ஓய்வு பெற்றும், கவுரவப் பேராசிரியராக ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் அவர் பெயரில் வெளிவந்துள்ளன.

1975 செப்டம்பர் 27-ந் தேதி காலமானார். அவரிடம் பயின்று டாக்டர் பட்டம் பெற்றவர்கள் 150 பேருக்கு மேல். எந்த ஊருக்குப் போனாலும் ஓர் ஆராய்ச்சிக் குழுவை உருவாக்கிய அந்த ஆசிரியருக்கு, இவர்களே பெரிய சொத்து.