தங்கவயலும் கல்விக் கொடையும்

கோலார்த் தங்கவயலில் சம்பள நாள் என்பது ஒரு காலத்தில் திருவிழாவுக்கு ஒப்பாயிருந்தது. கூலியைப் பெற்று வெளியே வரும் தொழிலாளி, மளிகைக் கடைக்காரருக்கும் வட்டிக்குக் கொடுத்தவருக்கும் சேரவேண்டியதைச் செலுத்திய பின்னர், கையில் மிஞ்சியதில் ஓரணா, இரண்டணாவைச் சங்கத்துக்கும் கோயிலுக்கும் படிப்பகத்துக்கும் சந்தாவாகக் கொடுப்பார். கல்விக்குப் பணம் சேரும் வழிகளை ஆராய்வோர் பெருஞ்செல்வர்களின் கொடையை முன்வைத்துத் தொடங்குவதே வழக்கம். நான் இந்தச் சந்தாவிலிருந்து தொடங்க விரும்புகிறேன். பொருளாதாரம் சரியும் காலத்தில் எந்தப் பணம் நிற்கும், எந்தப் பணம் ஓடும் என்ற கேள்விக்கு விடையின் பெரும்பகுதி இந்தச் சந்தாவில் அடங்கியிருக்கிறது.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாரில் சுரங்க வேலையைத் தொடங்கியபோது, வட ஆற்காடு, சித்தூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் பேசும் ஏழைக் குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்களுள் பெரும்பாலோர் ஊரில் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்க விடப்படாதவர்கள். ஆகவே கல்வியின் அருமையை அவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகையைத் தாங்கிய கைகளுள் மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் தொழிலாளரின் கைகள் முக்கியமானவை. பண்டிதர் 1914-இல் மறைந்த பின்னர் நின்றுபோன அப்பத்திரிகை, 1926-இல் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. நிலத்துக்கடியில் பல ஆயிரம் அடி ஆழத்தில் பாறை உடைத்தவர்கள், மேலே வந்து ஒரு பத்திரிகையை வாழவைத்தார்கள் என்பது சிறிய செய்தியன்று.

இனி, சரிவுக்கு வருவோம். தங்கவயலின் பொருளாதாரம் உலகப் பொருளாதாரத்துக்கு நேர் எதிராக நடந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1929-க்குப் பின் உலகெங்கும் மந்தம் சூழ்ந்தபோது மற்றப் பண்டங்களின் விலை விழுந்தது. தங்கத்தின் விலையோ ஏறிற்று. அமெரிக்க அரசு 1934-இல் அவுன்ஸுக்கு 20 டாலர் 67 சென்டாக இருந்த விலையை 35 டாலராக உயர்த்தியது. ஆகவே பருத்தியும் சணலும் படுத்த நாளில் தங்கச் சுரங்கம் படுக்கவில்லை. மாறாக, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, நூறு கிலோமீட்டருக்குட்பட்ட பெங்களூரில் புதிய தொழில்கள் கொழித்துக்கொண்டிருந்தன. அன்று அவுன்ஸ் தங்கத்தின் விலை 300 டாலருக்கும் கீழே இருந்தது. தொடக்க காலத்தில் டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் தந்த சுரங்கம் இறுதியில் 5 கிராமும் தரவில்லை. நாடு வளரும்போது ஓர் ஊர் மட்டும் விழுந்தது.

பள்ளிக்கூடங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். வீடு, மின்சாரம், தண்ணீர், மருத்துவமனை யாவும் கம்பெனியைச் சார்ந்திருந்த ஊர் அது. பள்ளிகளைக் கத்தோலிக்க, மெதடிஸ்ட் திருச்சபைகளும் அரசும் பிறரும் நடத்தினர் என்றாலும், பெற்றோர் கட்டிய கட்டணமும், கடைக்காரர் தந்த நன்கொடையும், விழாவில் திரண்ட தொகையும் அதே சம்பளப் பணத்திலிருந்து வந்தவையே. ஒரே கிணற்றில் இரண்டு கவலை பூட்டி நீர் இறைத்தது போன்ற நிலை. கிணறு வற்றியதும் இரண்டு சாலும் ஒன்றாகவே காலியாக மேலே வந்தன. கட்டணம் கட்ட இயலாத பிள்ளை உதவி கேட்டு வந்த அதே மாதத்தில், உதவி செய்து பழகியவரும் கைவிரிக்க நேர்ந்தது. இதுவே சரிவுக் காலத்தின் முதற் கொடுமை.

இது தங்கவயலுக்கு மட்டும் உரிய நோயன்று. உலகத்தின் மிகச் செல்வச் செழிப்புள்ள பல்கலைக் கழகமான ஹார்வர்டின் மூலநிதி, 2009 ஜூனில் முடிந்த ஓராண்டில் கால்பங்குக்கு மேல் குறைந்தது. அவ்வாண்டு அமெரிக்கக் கல்லூரிகளுக்கு வந்த நன்கொடை முன்னாண்டைவிட ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு விழுக்காடு சரிந்தது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு: கட்டடத்துக்கும் மூலநிதிக்கும் தரும் பெருந்தொகைகள் வெகுவாக வீழ்ந்தன, அன்றாடச் செலவுக்குத் தரப்படும் சிறு தொகைகள் அவ்வளவு வீழவில்லை. காரணம் எளிது. பெருங்கொடை என்பது சேமிப்பிலிருந்தும் பங்குகளிலிருந்தும் தரப்படுவது; சிறுகொடை மாத வரும்படியிலிருந்து தரப்படுவது. பங்கின் மதிப்பு ஒரே இரவில் பாதியாகலாம். வேலை போகாத வரையில் மாத வரும்படி அப்படிக் குறைவதில்லை.

மூலநிதி வைத்திருப்போர் இதற்கு ஒரு தடுப்பைக் கண்டார்கள். பத்து லட்சம் ரூபாய் மூலநிதி உள்ள பள்ளி, ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் ஐம்பதாயிரம் ரூபாயைச் செலவிடுகிறது என்று கொள்வோம். நிதி ஏழு லட்சமாகக் குறைந்தால் செலவு முப்பத்தையாயிரமாகி, யாரோ ஓர் ஆசிரியரை நிறுத்த வேண்டி வரும். அந்த ஆண்டின் மதிப்பைக் கொள்ளாமல் மூன்றாண்டுச் சராசரியைக் கொண்டு கணக்கிட்டாலோ, அடி மெதுவாக விழுகிறது. பள்ளிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது.

மூலநிதியே இல்லாதவர் செய்தது இன்னும் கவனத்துக்குரியது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தனியார் கல்லூரிகள் மந்தக் காலத்தில் தத்தளித்தன. ஒவ்வொன்றும் அதே சில செல்வர்களின் கதவைத் தனித்தனியே தட்டி வந்தது. டஸ்கிகீ நிலையத்தின் தலைவர் பிரடெரிக் பாட்டர்ஸன், இவை ஒன்றுசேர்ந்து ஒரே குரலில் பொதுமக்களிடம் கேட்கலாமே என்று 1943-இல் ஒரு செய்தித்தாளில் எழுதினார். மறு ஆண்டு 27 கல்லூரிகள் சேர்ந்து ஒரு பொது நிதியத்தை நிறுவின. முதல் முயற்சியிலேயே ஏழரை லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. போட்டியிட்டுக் கேட்பதைவிடச் சேர்ந்து கேட்பது மேல் என்று கண்டவர்கள் அவர்கள்.

நம் நாட்டில் இதற்கு ஒப்பானது, சென்னை மாநிலத்தில் காமராசர் ஆட்சியின்போது 1958-இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடு. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அம்முறையைப் பல ஊர்களுக்கும் கொண்டு சென்றார். அங்கே பணம் மட்டும் கேட்கப்படவில்லை. பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், சீருடை எனப் பொருளாகவே ஏற்கப்பட்டது. தம் ஊர்ப் பள்ளிக்குத் தாம் வாங்கித் தந்த பெஞ்சில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதை விவசாயி கண்ணால் கண்டார். அடுத்த முறை அவரிடம் எவரும் வற்புறுத்தத் தேவையிருக்கவில்லை.

மொழிபெயர்ப்பு என் தொழில். இத்துறையில் இன்று வழங்கும் ‘டோனர் எங்கேஜ்மென்ட்’ என்னும் தொடர் என் மேசைக்கு வந்தபோது சற்றுத் திகைத்தேன். நம் வீடுகளில் எங்கேஜ்மென்ட் என்றால் நிச்சயதார்த்தம். யோசித்துப் பார்த்தால் அப்பொருளும் முற்றிலும் தவறன்று! ஒரு நாள் விழா, பிறகு பல்லாண்டு உறவு. நம் நிறுவனங்கள் பல விழாவோடு நின்றுவிடுகின்றன. நானே ஒரு கல்விச் சங்கத்துக்குச் சில ஆண்டுகள் பணம் அனுப்பினேன். முதலாண்டு ரசீது வந்தது. இரண்டாம் ஆண்டு நினைவூட்டிய பின்னர் வந்தது. மூன்றாம் ஆண்டு அடுத்த வேண்டுகோள் மட்டுமே வந்தது. பணம் என்னவாயிற்று என்ற ஐயம் எனக்கு இல்லை. அது நல்லபடியாகவே செலவாகியிருக்கும். ஆயினும் நான் நான்காம் ஆண்டு அனுப்பவில்லை.

தங்கவயலில் சுரங்கம் மூடிய பின்னர் கொடுப்பவர் மறைந்துவிடவில்லை, இடம் மாறிவிட்டார். மாரிகுப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு விடியுமுன் செல்லும் ரயில்களில் சுரங்கத் தொழிலாளரின் மக்களும் பேரர்களும் நின்றுகொண்டு பயணம் செய்து, இரவில் வீடு திரும்புகிறார்கள். வேறு பலர் கடல் கடந்து சென்றுள்ளனர். தாத்தாவிடம் சந்தா வாங்கியவர் நேரில் வந்து வாங்கினார். பேரனிடம் வாங்க வேண்டுமாயின் அவனுடைய முகவரியேனும் பள்ளியிடம் இருக்க வேண்டும். பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் காப்பாற்றி வைத்த பள்ளிக்கு அவையே மூலதனம். கறையானுக்குக் கொடுத்த பள்ளி மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கம்பெனிகளின் கொடையைப் பற்றியும் ஒரு சொல். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். கல்வி அப்பணிகளுள் ஒன்று. முன்னே நாம் கண்ட மூன்றாண்டுச் சராசரியே இங்கும் அடியைத் தணிக்கிறது. ஆனால் தொடர்ந்து நஷ்டமடையும் நிறுவனத்தின் இரண்டு வீதம் பூஜ்யமே. அதாவது இச்சட்டம் 2001-இல் இருந்திருப்பினும் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்திலிருந்து ஒரு காசு வந்திராது. தான் இயங்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுவதால், தங்கவயலிலேயே தொழிற்சாலை வைத்திருக்கும், 1964-இல் அமைந்த பெமல் போன்ற நிறுவனத்திடம் கேட்க ஊர்ப் பள்ளிகளுக்கு நியாயம் உண்டு. இன்ன வகுப்பில் இத்தனை பிள்ளைகள், இன்ன கூரை ஒழுகுகிறது, பழுதுபார்க்க இவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதி, சென்ற ஆண்டின் வரவு செலவுக் கணக்கையும் அதனுடன் இணைத்துப் போவது நலம்.