கெர்னலில் ரிஜிஸ்டரைத் திருத்தும் முறை

மட்டாஞ்சேரி உட்படக் கேரள அரசுப் பள்ளிகளின் கணிப்பொறிகளில் லினக்ஸ் பயன்படுகிறது. அதன் உட்கருவாகிய கெர்னலில் பிழை நேர்ந்தால் ஆராய்வதற்கென அமைந்த கருவி கே.ஜி.டி.பி. ஆகும். இது 2008-ஆம் ஆண்டு லினக்ஸ் 2.6.26-இல் சேர்க்கப்பட்டது. மற்றொரு கணிப்பொறியிலிருந்து கம்பி வழியே இதற்குக் கட்டளைகள் வரும்.

செயலி, தான் கையாளும் எண்களை ரிஜிஸ்டர்கள் என்னும் சிற்றறைகளில் வைத்திருக்கிறது. சோதனைக்காக ஓட்டம் நின்றவுடன் அவ்வெண்களின் நகல் நினைவகத்தில் சேமிக்கப்படுகிறது. கருவி திருத்துவது அந்நகலையே, செயலியை அன்று. ஓட்டம் மீண்டும் தொடங்கும்போது நகலிலுள்ளவை செயலிக்குத் திரும்புகின்றன. எனவே, நின்றுபோன பணியை விடுத்து வேறொரு பணியின் ரிஜிஸ்டரை மாற்றுமாறு கேட்டால் கருவி பிழைக்குறி அனுப்பி மறுத்துவிடும். அப்பணியின் எண்கள் இந்நகலில் இல்லை. இங்கே எழுதினால் தொடர்பற்ற பணியன்றோ கெடும்!

தொடக்கத்தில் ஓர் எண்ணை மாற்றுவதற்கும் எல்லா ரிஜிஸ்டர்களையும் ஒருங்கே அனுப்ப வேண்டியிருந்தது. வீண் சுமைதான். தனித்தனியே எழுதும் வழி 2010-இல் வந்தது. ஆயினும் ஒரு குறை உண்டு. எக்ஸ்86 வகைச் செயலிகளில், அடுக்கின் முனையைக் காட்டும் ரிஜிஸ்டரை மாற்றுமாறு கட்டளையிட்டால் 'சரி' என்றே மறுமொழி வரும்; நகலிலோ பழைய எண்ணே நிற்கும். இதனை அறியாத சோதனையாளர், மாற்றம் பயன் தரவில்லை என்றெண்ணிப் பிழையை வேறிடத்தில் தேடத் தொடங்குவார்.