அளந்தபின் வரைவோம்

திரை விலகியதும் நாம் காண்பது நடிகரை. அவர் நிற்கும் படிக்கட்டையும், அவர் முகத்தில் விழும் ஒளியையும் நாள்கணக்கில் எண்ணி வரைந்த ஒருவர் உண்டு என்பதை நாம் நினைப்பதில்லை. முன்பு அவர் பென்சிலும் வரைபலகையும் கொண்டு உழைத்தார். இன்று கணிப்பொறி துணை நிற்கிறது. 1982இல் வெளிவந்த ஆட்டோகேட், 1985இல் மினிகேட் என்ற பெயரில் தோன்றிப் பின்னர் வெக்டர்வொர்க்ஸ் ஆன மென்பொருள் ஆகிய இரண்டும் இத்தொழிலில் வழங்குபவை. இக்கலையைக் கற்க விழையும் பிள்ளைகள் நம் இல்லங்களிலும் இருக்கலாம். அவர்கள் எங்கே தொடங்க வேண்டும்?

கணிப்பொறியின் முன் அன்று, அரங்கத்தில், அளவுநாடாவுடன். மேடையின் அகலம், ஆழம், விளக்குகள் தொங்கும் குழாயின் உயரம், ஓரத்து இருக்கையில் அமர்ந்தவருக்கு எதுவரை தெரியும் என்பது ஆகிய அனைத்தையும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். மென்பொருளில் எல்லாம் உண்மை அளவிலேயே வரையப்படும். தாளில் அச்சிடும்போதுதான் சுருங்கும். 1:25 என்னும் விகிதத்தில் ஒரு மீட்டர் 4 செ.மீ. ஆகிறது. அளவில் நேர்ந்த பிழையை அழகிய படம் திருத்தாது. தச்சர் பலகையை அறுத்தபின்னரே அது வெளிப்படும்.

அடுத்துக் கற்க வேண்டியவை அடுக்குகள். கட்டடம் ஓர் அடுக்கு, காட்சியமைப்பு மற்றோர் அடுக்கு, விளக்குகள் வேறோர் அடுக்கு எனப் பிரித்து வரைந்தால், தச்சருக்கும் மின்பணியாளருக்கும் அவரவர்க்கு வேண்டியதை மட்டும் தரலாம். விளக்கின் குறியீட்டோடு அதன் எண்ணையும் நிறத்தையும் இணைத்துவிட்டால், மென்பொருளே பட்டியலைத் தொகுத்துத் தரும்.

ஆயினும் விளக்கை எங்கே வைப்பது என்பதைக் கற்றவரே முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒளியமைப்பைக் கற்பித்த ஸ்டான்லி மெக்கான்ட்லெஸ், 1932இல் வெளியிட்ட நூலில் ஒரு முறையை வகுத்தார். நடிகருக்கு முன்னே இருபுறமிருந்தும் 45 பாகைச் சாய்வில் இரு விளக்குகள். ஒன்று வெம்மையான நிறம், மற்றது குளிர்ந்த நிறம். அவ்வாறு ஒளி விழுந்தால் முகம் தட்டையாகத் தோன்றாது. உண்மை விளக்கை ஏற்றிப் பார்த்தே இதனை உணர இயலும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. விளக்குகள் மனிதரின் தலைக்கு மேலே தொங்குகின்றன. கணிப்பொறித் திரை எத்தனை விளக்குகளையும் தாங்கும், குழாய் தாங்காது. அது தாங்கும் எடையைக் கேட்டறிவதும், ஒவ்வொரு விளக்கிற்கும் காப்புச் சங்கிலி பூட்டச் செய்வதும் வரைபவரின் கடமையோடு சேர்ந்தவையே.

கோபுரம் கட்ட விரும்புபவன் முதலில் அமர்ந்து கணக்கிட வேண்டாமோ என்று ஆண்டவர் வினவினார். நம் பிள்ளைகள் வரையும் ஒவ்வொரு கோட்டிற்கும் கீழே ஒரு மனிதர் நிற்கிறார். அவரை நினைத்து வரையக் கற்பிப்போம்.