கோழிக்கூட்டுக்குள் ஒரு ஸ்டூடியோ

1863 டிசம்பரில் ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு வயது 48. கணவர் இலங்கையில் காப்பித் தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்தார். தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பொழுது போகட்டுமே என்று மகளும் மருமகனும் ஒரு கேமராவை வாங்கித் தந்தார்கள். இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த அவர் வீட்டில் நிலக்கரி அறை இருட்டறையாயிற்று, கோழிக்கூடு ஸ்டூடியோவாயிற்று. கோழிகளைத் திறந்துவிட்டதாகத்தான் அவர் எழுதியிருக்கிறார். நம்புவோம்.

அன்றைய படம் கண்ணாடியில்தான் பிறக்கும். கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைத் தகட்டில் ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, இருட்டறைக்கு ஓடிக் கழுவியாக வேண்டும். வெள்ளி நைட்ரேட் பட்ட விரல்கள் கறுத்துப்போகும். இந்தத் தகடு நீல ஒளியையும் புற ஊதாவையும் உணருமே தவிர சிவப்பைக் கண்டுகொள்ளாது. அதனால் நீலக் கண்கள் வெளிறியும் சிவந்த உதடுகள் கறுத்தும் பதியும்.

பெரிய தகடு, அரை வெளிச்சம், முகத்துக்கு நெருக்கமாக லென்ஸ். உட்கார்ந்தவர் 3 முதல் 7 நிமிடம்வரை அசையக் கூடாது. யாரால் முடியும்? மூச்சு வாங்கும், தலை மயிரிழை அளவு சாயும். அத்தனையும் தகட்டில் சேர்ந்துகொண்டே போகும். போதாக்குறைக்கு லென்ஸின் வாய் அகலம் என்பதால், கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது மங்கிவிடும். புகைப்பட இதழ்கள் இதைக் கைத்திறன் இல்லாமை என்று திட்டின. கேமரனோ கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்திலேயே லென்ஸைத் திருகுவதை நிறுத்திக்கொண்டார். எனக்கென்னவோ, அந்த மங்கலில்தான் அந்த முகங்கள் இன்னும் மூச்சுவிடுகின்றன.

1867-இல் வானியலாளர் ஜான் ஹெர்ஷலைத் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்லி, நரைமுடியைப் பறக்கவிட்டுப் படமெடுத்தார். படம் அழியாமல் நிலைக்க ஹைப்போ என்ற ரசாயனம் உதவும் என்று உலகுக்குச் சொன்னவரே அந்த ஹெர்ஷல்தான்!

1875-இல் தம்பதி இலங்கைக்கே குடிபோனார்கள். காப்பிச் செடியை இலைநோய் தின்றுகொண்டிருந்த காலம். 1879-இல் இறந்த கேமரன் பொகவந்தலாவையில் அடக்கமாகியிருக்கிறார். அங்கே அவர் எடுத்தவை சில படங்களே. ஹெர்ஷல், கவிஞர் டென்னிசன் என்று பெயர் எழுதிவைத்தவர், இவற்றுக்கு ‘களுத்துறை உழவர்கள்’ என்பதுபோலப் பொதுவாக ஏதோ எழுதியதோடு விட்டுவிட்டார்.