உங்களுக்குத் தெரியுமா? அட்டனில் விமானம் இறங்குவது தண்ணீரில்!

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. ஆனாலும் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சினமன் ஏர் நிறுவனத்தின் சிறிய செஸ்னா கரவன் விமானம், அட்டன் அருகே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் வந்து இறங்கியிருக்கிறது. விமானத்தின் அடியில் நீண்ட இரண்டு மிதவைகள். அவற்றுக்குள் மடங்கிக்கொள்ளும் சக்கரங்கள். தார் ஓடுபாதையில் கிளம்பி, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே தண்ணீரில் இறங்க முடிவது இதனால்தான்.

வான்வழியே நேர்க்கோட்டில் சுமார் 80 கிலோமீட்டர், ஏறக்குறைய அரை மணி நேரம். கொழும்புக் கோட்டையிலிருந்து அட்டனுக்கு ரயில் பாதையோ சுமார் 173 கிலோமீட்டர். மலையை வளைந்து வளைந்து ஏறப் பல மணி நேரம் ஆகும். 1880களில் அட்டனை எட்டிய பாதை அது. ஆனால் நீரில் இறங்க விமானிக்குக் கண்பார்வைதான் துணை. பனிமூட்டம் கவிந்தால் இறங்க முடியாது. தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு இன்றும் கைகொடுப்பவை ரயிலும் பஸ்ஸும்தான்.