தேவை நிச்சயமற்றபோது சரக்குப் பெட்டக நிரப்பல்

சரக்குப் பெட்டக நிரப்பல் என்பது கப்பலில் அனுப்பும் பொருள்களை இயன்றவரை குறைந்த செலவில் கன்டெய்னர்களில் அடுக்கும் வழியைக் கண்டறியும் கணக்கு ஆகும். மதுரைச் சுற்றுவட்டார ஏற்றுமதியாளர்களுக்கு அருகிலுள்ள பெருந்துறைமுகம், சுமார் 140 கி.மீ. தொலைவில் தூத்துக்குடியில் உள்ள வ. உ. சிதம்பரனார் துறைமுகம். அடுக்குவது பாதிக் கணக்குதான். எவ்வளவு சரக்கு அனுப்புவோம் என்று தெரியும் முன்பே எத்தனை பெட்டகங்களைப் பதிவு செய்வது என்பது மறுபாதி; கடினமானதும் அதுவே.

எடையும் இடமும்

20 அடிப் பெட்டகத்தின் உட்புறம் ஏறத்தாழ 5.9 மீ நீளம், 2.35 மீ அகலம், 2.39 மீ உயரம் கொண்டது. கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். இதில் சுமார் 28 டன் ஏற்றலாம். மேலூர்ப் பகுதிக் கிரானைட் போன்ற கல் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன் இருக்கும். எனவே 10 கன மீட்டரிலேயே எடை வரம்பு முட்டிவிடும், மீதி இடம் காலியாகவே போகும். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணிக்கு நிலைமை நேர்மாறு: இடம்தான் தட்டுப்பாடு.

60×40×40 செ.மீ. அட்டைப்பெட்டிகளை ஒரே திசையில், நீளவாக்கில் வைத்தால் ஓர் அடுக்கில் 45 வீதம் 5 அடுக்குகளில் 225 பெட்டிகள் கொள்ளும். ஒரு வரிசையை மட்டும் குறுக்காகத் திருப்பினால் அடுக்குக்கு 50, மொத்தம் 250. அட்டைப்பெட்டியின் உயரத்தை ஒரு செ.மீ. குறைத்து 39 ஆக்கினால் ஆறாவது அடுக்கும் ஏறி 300 ஆகிவிடும். கணினி நிரல் வாங்குமுன் அட்டைப்பெட்டியின் அளவைப் பார்ப்பது நல்லது.

முன்பதிவு

கணித நோக்கில் இது இரண்டு கட்ட முடிவு. முதலில் பெட்டகம் பதிவு. பிறகு வாங்குபவரின் உறுதி வந்ததும் மிஞ்சிய சரக்குக்கு மாற்று ஏற்பாடு. நிச்சயமற்ற நிலையில் நேரியல் திட்டமிடலை ஜார்ஜ் டான்ட்சிக் 1955இல் இவ்வடிவில்தான் வகுத்தார்.

கணக்குக்காக, இரண்டாவது பெட்டகத்தை இப்போதே பதிவு செய்தால் ரூ. 60,000 என்றும், பயன்படுத்தாவிட்டாலும் அதைக் கட்ட வேண்டும் என்றும் கொள்வோம். பதிவு செய்யாமல் கடைசி நேரத்தில் தேடினால் ரூ. 1,00,000. அது தேவைப்படும் வாய்ப்பு 60 விழுக்காட்டைத் தாண்டினால்தான் முன்பதிவு லாபம். வாய்ப்பு 55 விழுக்காடு என்றால், தேவைப்படும் என்பதே அதிக சாத்தியம் என்றாலும், காத்திருப்பதே மலிவு. ஆனால் சரக்கு தாமதமானால் வாங்குபவர் அடுத்த முறை வேறு ஊருக்குப் போய்விடுவார். அந்த இழப்பையும் சேர்த்துத் தவறின் விலை ரூ. 2,00,000 என்றால் எல்லை 30 விழுக்காடாக இறங்கும். சிறு நெசவுக்கூடத்துக்கு இந்த வேறுபாடு ஒரு பருவத்தின் வேலையையே தீர்மானிக்கக்கூடும். கப்பல் கட்டணம் உலகெங்கும் எகிறிப் பெட்டகமே கிடைக்காமல் போன 2021 போன்ற ஆண்டில், கடைசி நேரத் தேடலின் விலையை முன்கூட்டிச் சொல்லவே முடியாது.

மிஞ்சுவது சிறிதளவே என்றால் முழுப் பெட்டகம் தேவையில்லை. பலரது சரக்கைச் சேர்த்து அனுப்பும் கூட்டுப் பெட்டகத்தில் கன மீட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி அனுப்பலாம். ஆனால் பெட்டகம் நிரம்பும்வரை காத்திருக்க நேரிடும்.

ஏற்றும்போது, உறுதியான சரக்கை உள்ளேயும் உறுதியாகாததைக் கதவோரமும் அடுக்குவது உதவும். கடைசியில் ஏதேனும் நீக்க நேர்ந்தால் முழுவதையும் இறக்க வேண்டியதில்லை. 2016 ஜூலை 1 முதல் கப்பலேறும் ஒவ்வொரு பெட்டகத்துக்கும் சரிபார்த்த எடை கட்டாயம் என்பதால், எடையை மட்டும் திருத்தி அறிவிக்க வேண்டும்.